குத்பாவில் ஒரு பெயர்

ரஜபு பிறை 2, ஞாயிறு

இன்று பங்களாக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நாற்காலியில் என் மருமகன் சர்தார் ஆலம் கான். அவர் முதுகுப் பக்கம் தோஸ்த் பாபா, காபூலிலிருந்து அவரோடு வந்த கிழவன். என் பித்தளை அண்டாவில் தோல் செருப்பை ஊறப் போட்டவன். ஜன்னலோரம் என் தம்பி கனி ராவுத்தர், குதிரைத் தரகு. எதிரே சர்க்கார் முன்ஷி ஹபீப் ஷரீப்; என் மகள் கல்யாணத்தில் இரண்டு தட்டு பிரியாணி தின்றுவிட்டு உப்புக் குறைவு என்று சொன்ன வாய் அது. திரைக்கு இந்தப் பக்கம் என் மகள் ரஹ்மத்தும்மாள், அவள் மடியில் என் பேரன் சிக்கந்தர், நான்கு வயது. அப்புறம் நான்.

எழுதி வைப்பது எதற்கென்றால், நாளைக்கு ஆளுக்கொரு விதமாய்ச் சொல்வார்கள். என் ஞாபகம் தவறாது. ஆனால் இந்த வீட்டில் அதை யாரும் நம்புவதில்லை. ஓதுகிற பள்ளியில் எனக்கு ஓத மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ் எழுத்து என் புருஷன் புகையிலை மூட்டையில் குறி போடுவதற்காகக் கற்றுக்கொடுத்தது. கோணல்தான். படிக்கிறவர்கள் கழுத்தைச் சாய்த்துக்கொள்ளட்டும்.

காபூலில் இப்போது அமீராக இருப்பவர் என் மருமகனுக்கு மாற்றாந்தாய் வயிற்று அண்ணன். அப்பா கண்ணை மூடியதும் இரண்டு பேரும் ராஜ்யத்துக்கு அடித்துக்கொண்டார்கள். இவர் தோற்றார். வெள்ளைக்காரன் இவரைப் பிடித்துவந்து, அங்கே இருந்தால் தொல்லை, கைவசம் இருந்தால் ஒரு நாளைக்கு உதவும் என்று, ஊறுகாய் மாதிரி எங்கள் திண்டுக்கல்லில் ஒரு சர்க்கார் பங்களாவில் போட்டு மூடிவைத்தான். பன்னிரண்டு வருஷமாகிறது. குதிரை வாங்கக் கனியிடம் வந்தவர் என் மகளைக் கேட்டார். கொடுத்தோம். ராஜா வீட்டுச் சம்பந்தம் என்று தெருவே வாயைப் பிளந்தது. வாசலில் போலீஸ்காரன் நிற்பதை யாரும் பார்க்கவில்லை.

இன்று முன்ஷி கொண்டுவந்த செய்தி: அமீர் தம்பியை மன்னித்துவிட்டார். நோன்புக்கு முன்னால் புறப்பட்டு வரலாம். ஒரு சீமையை ஆளக் கொடுப்பார். நிபந்தனை இரண்டு. ராஜ்யம் எனக்கு என்று இவர் இனி சொல்லக்கூடாது, பிறர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளக்கூடாது. பெண்டாட்டி பிள்ளையோடு வர வேண்டும். பிள்ளை அமீருடைய அரண்மனையிலேயே வளரும்.

“எங்கம்மா உயிரோட இருக்காங்களா?” என்று கேட்டார் மருமகன்.

“இருக்காங்க ஹுசூர். பார்வைதான் மங்கலாம். உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்களாம்.”

சர்தார் சிரித்தார். பிறகு தலைப்பாகை முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தோஸ்த் பாபா தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். கனி எழுந்து மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டான். ரஹ்மத் திரை இடுக்கு வழியாகப் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ரஜபு பிறை 3, திங்கள்

எலுமிச்சை ஊறுகாய் போட்டேன். தோல் கசக்கும் என்று ரஹ்மத் சொன்னாள். அதை ஆற அமரத் தின்ன இந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். உப்புச் சாடியை என் பக்கம் தள்ளினாள்.

ரஜபு பிறை 5, புதன்

மருமகன் சின்னாளப்பட்டி ஆளை வரவழைத்துத் தன் அம்மாவுக்குச் சுங்குடிச் சேலை எடுத்தார். “காபூல்காரம்மா சேலை கட்டுவாங்களா?” என்றேன். “தலைல போட்டுக்குவாங்க அம்மாஜான். சிவப்புப் புடிக்கும் அவங்களுக்கு” என்றார்.

அவர் தமிழ் அப்படித்தான். ரஹ்மத் அவரிடம் மரியாதையாகப் பேசிப் பேசி, அந்த மரியாதையோடேயே கற்றுக்கொண்டார். ஆட்டையும் “வாங்க” என்பார். தபால்காரன், கோழி, போலீஸ்காரன், எல்லாரும் அவருக்கு “அவங்க”தான். அதற்காக மட்டும் அவரை எனக்குப் பிடிக்கும். மற்றபடி மருமகன் மருமகன்தான்.

பகல் சாப்பாட்டின்போது ரஹ்மத் மெதுவாகக் கேட்டாள். “உங்க அண்ணன் எப்படிப்பட்டவங்க?”

“நல்லவங்க. இரக்கம் உள்ளவங்க. எங்க சித்தப்பா பையன் இருந்தாங்க, ராஜ்யம் கேட்டாங்க. கொல்லல. கண்ணு மட்டும்.”

“கண்ணு மட்டும்னா?”

“கண்ணுல மை மாதிரி சுர்மா போடுற ஊசி இருக்குல்ல? அதை நெருப்புல காய்ச்சி.” குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். “கண்ணு இல்லாதவங்க அமீர் ஆக முடியாது. அதனால கொல்ல வேண்டியதில்ல. அந்தப் பையன் இன்னும் இருக்காங்க. நல்லாச் சாப்பிடுறாங்க.”

“எத்தனை வயசுல பண்ணாங்க?” என்று நான்தான் கேட்டேன்.

“மீசை முளைக்கல” என்றார்.

சிக்கந்தர் முட்டை கேட்டு அழுதான். நான் எழுந்து போய்விட்டேன். இதைச் சோற்றோடு சேர்த்துச் சொல்லுகிற ஆள்கள் இருக்கிற வீட்டுக்கு என் பிள்ளையை அனுப்பச் சொல்கிறார்கள்.

ரஜபு பிறை 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை குளித்ததும் சிக்கந்தருக்குச் சுர்மா போடுவது என் வேலை. இன்று மடியில் படுக்கவைத்து, இமையை விரலால் பிடித்து, ஊசியைக் கிட்டே கொண்டுபோனேன். முடியவில்லை. “போடுங்க நன்னி” என்று கண்ணை அகல விரித்துக்கொண்டு கிடந்தான். ஊசியை வைத்துவிட்டேன்.

ரஹ்மத் பார்த்துக்கொண்டிருந்தாள். நானே ஆரம்பித்தேன்.

“அவரு மட்டும் போகட்டும். நீ பிள்ளையோட இங்க இரு.”

“பிள்ளையோட வந்தாத்தான் விடுவாங்களாம்மா. காதுல விழலையா?”

“விழுந்துச்சு. எதுக்குப் பிள்ளையக் கேக்குறாங்கன்னு உன் காதுலதான் விழலை.”

“அது அந்தக் காலம்மா. இவங்கதான் ராஜ்யமே வேண்டாம்னு எழுதிக் கொடுக்கப் போறாங்களே.”

“அப்பன் வேண்டாம்பான். மகன் வளந்து வேணும்பான்னு அவங்களுக்குப் பயம் இருக்காதா?”

அவள் சுர்மாக் குப்பியை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள். “அங்க ஒரு கிழவி பன்னிரண்டு வருஷமா வாசலப் பாத்துக்கிட்டு இருக்காம்மா. பார்வை போறதுக்குள்ள மகன் முகத்தப் பாக்கணும்கிறா.”

“நானும் கிழவிதான்” என்றேன்.

“உங்களுக்குக் கனி மாமு இருக்காங்க. தெரு இருக்கு. சண்டை போட ஆளு இருக்கு.” சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரஜபு பிறை 10, திங்கள்

முற்றத்தில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். தோஸ்த் பாபா சிக்கந்தருக்குக் கதை சொன்னான். அவன் பாஷையை மருமகன் தமிழில் சொன்னார்.

இவர் அப்பா எப்படி அமீர் ஆனார் என்று கதை. கோட்டை ஒரு தம்பி கையில். கஜானா இன்னொருவன் கையில். படை நடுவே நின்றுகொண்டு யார் பக்கம் போவதென்று தெரியாமல் முழித்தது. வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குக் கூட்டம். இமாம் மிம்பர் மேடையில் ஏறிக் குத்பாப் பிரசங்கம் ஓதினார். அதில் ராஜா பெயர் சொல்லும் இடம் வந்ததும் ஊரே மூச்சை நிறுத்திக்கொண்டதாம். இவர் அப்பா பெயரைச் சொன்னார். அவ்வளவுதான். படை இந்தப் பக்கம் வந்துவிட்டது.

“எங்க ஊர்ல கிரீடம் இல்ல அம்மாஜான். ரெண்டு விஷயம்தான். காசுல பேரு. குத்பாவுல பேரு. அது ரெண்டும் இருந்தா அமீர்.”

“யாராவது வேற பேரைச் சொல்லிட்டா?” என்றேன்.

“சொன்னவங்களுக்கும் ஆபத்து. அந்தப் பேரு உள்ளவங்களுக்கும் ஆபத்து. நான் சொல்லச் சொல்லலைன்னா யாரு நம்புவாங்க?”

கத்தி விரலில் பட்டுவிட்டது. ஆழமில்லை. எந்தப் பிரயோசனமும் இல்லாத கதை. பொழுது போகாமல் எழுதி வைத்தேன்.

ரஜபு பிறை 12, புதன்

நெய்ச்சோறு ஆக்கினேன். பள்ளிவாசலில் தொழவைக்கிற அசரத்துக்கு ஒரு பானை கனியிடம் கொடுத்தனுப்பினேன். மருமகன் பயணம் போகிறாரே, ஜும்ஆவில் அவருக்காக அல்லாவிடம் துஆ கேட்கச் சொன்னேன். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள், கப்பலேறுகிறவர்கள், நோயாளி, எல்லாருக்கும் எங்கள் பள்ளிவாசலில் பெயர் சொல்லிக் கேட்பதுதான். இதில் புதுசு ஒன்றும் இல்லை.

ரஜபு பிறை 14, வெள்ளி

மழைக்காலம் முடிந்தும் அடுப்பு விறகு ஈரமாகவே வருகிறது. விறகுக்காரி வேண்டுமென்றே செய்கிறாள். அவள் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை என்று.

ஜும்ஆ முடிந்து ஆண்கள் வரத் தாமதமாயிற்று. முதலில் வந்தது முன்ஷி. வந்தவன் உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, விட்டுப்போயிருந்த குடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனான். சோறு இருக்கிறது என்று தெரிந்தும் முன்ஷி இந்த வீட்டை விட்டுப் போனது இதுதான் முதல் தடவை.

அப்புறம் கனி. முகம் வெளுத்திருந்தது.

“என்னடா ஆச்சு?”

“குத்பாவுல மாப்பிள்ளை பேர அசரத்து சொன்னாருக்கா. துஆவுலதான் சொல்லுவாருன்னு நெனச்சேன். இவரு, ராஜாக்களுக்குக் கேக்குற எடம் ஒண்ணு வருமே, அங்க கொண்டுபோய்ச் சேத்துட்டாரு. ‘அமீர் ஆலம் கான்’னு. கணீர்னு.”

“அதுக்கு என்ன இப்போ?”

“அதோட போயிருந்தா ஒண்ணுமில்லைக்கா. நம்ம ஆளுங்களுக்கு என்ன தெரியும், ஆமீன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தானுக. தொழுகை முடிஞ்சதும் மாப்பிள்ளை எந்திரிச்சாரு. கண்ணுலேருந்து தாரை தாரையாத் தண்ணி. நேரா மிம்பருக்குப் போயி, தோள்ல கெடந்த சால்வைய எடுத்து அசரத்துக்குப் போத்தி விட்டுட்டாரு.”

அந்தச் சால்வை அவர் அப்பாவுடையது. அதை ரஹ்மத்தைக்கூடத் தொட விடமாட்டார். தங்கள் பெயரை மிம்பரில் சொன்ன இமாமுக்கு அவர்கள் ஊர் அமீர்கள் போர்த்துவது அப்படித்தான் என்று தோஸ்த் பாபா வாசலில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னான். சந்தோஷத்தில் அடித்துக்கொண்டான்.

மருமகன் கடைசியாக வந்தார். வெறுந்தோளோடு. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. பெயர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே? சால்வையை யார் கொடுக்கச் சொன்னது?

ரஜபு பிறை 16, ஞாயிறு

தெரு முழுக்க வந்து சலாம் சொல்லிவிட்டுப் போகிறது. கசாப்புக்காரர் நெஞ்சுக்கறி அனுப்பினார். இத்தனை வருஷம் எலும்பை நிறுத்துக் கொடுத்தவர்.

உள்ளறையில் ரஹ்மத் அவரிடம் கேட்டது எனக்குக் கேட்டது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. சுவர் மெல்லிசு.

“எந்திரிச்சு, இந்தப் பேரு எனக்கு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? முன்ஷி அங்கதான இருந்தாரு?”

“சொல்லத்தான் எந்திரிச்சேன்.”

“அப்புறம்?”

“சின்ன வயசுல எங்கப்பா பேர அப்படிக் கேட்டிருக்கேன். அப்பா மடில உக்காந்து. அதே மாதிரி கேட்டுச்சு. கால் வேற பக்கம் போயிடுச்சு ரஹ்மத்.”

“உங்க அம்மா?”

அவர் கட்டிலை விட்டு எழுந்த சத்தம் கேட்டது. பிறகு, “காபூலுக்கு இது தெரிய வேண்டாம்னு கேட்டுக்கங்க” என்றார். அல்லாவிடமா, முன்ஷியிடமா, எனக்கு விளங்கவில்லை.

ரஜபு பிறை 18, செவ்வாய்

விசாரணை. சின்னத் துரை வந்து கூடத்தில் உட்கார்ந்தார். முன்ஷி பக்கத்தில். நானும் ரஹ்மத்தும் திரைக்குப் பின்னால்.

அசரத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “பயணம் போறவங்களுக்கு ஓதுறது வழக்கம் துரை. பேரு சரியா இருக்கணுமேன்னு, சொல்லிவிட்டபடியே சொன்னேன்.”

“யார் சொல்லிவிட்டது?”

அசரத்து கனியைப் பார்த்தார். கனி திரையைப் பார்த்தான். நான் அசையவில்லை.

“நான்தாங்க” என்றான் கனி. “மரியாதைக்குச் சொன்னேன். எங்க தெருவுல மூணு அமீர் இருக்கானுக. ஒருத்தன் புகையிலை விக்கிறான். ஒருத்தன் லாடம் அடிக்கிறான். இன்னொருத்தன் சும்மா இருக்கான், அவனைத்தான் பெரிய அமீர்ங்கிறோம்.”

துரை மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது முன்ஷி வாயைத் திறந்தான்.

“சால்வை போத்துனதும் மரியாதைக்குத்தானா, ராவுத்தரே?”

மருமகன் எழுந்தார். “அது நான்தான் போத்துனேன். அவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. விட்டுடுங்க அவங்கள” என்றார். கெட்டிக்காரத்தனமாகப் பேசத் தெரியாதவருக்கு ராஜ்யம் எப்படிக் கிடைக்கும்?

ரஜபு பிறை 26, புதன்

தந்தி வந்துவிட்டது. காபூல் பயணம் ரத்து. இங்கே நடந்தது தன் காதுக்கு வந்துவிட்டது, தனக்குத் தம்பியே கிடையாது என்று அமீர் சொல்லிவிட்டாராம்.

மருமகன் சுங்குடிச் சேலையை எடுத்து நான்காய் மடித்து ரஹ்மத்திடம் கொடுத்தார். “நீங்க கட்டிக்கங்க” என்றார்.

நான் பாயசம் வைத்தேன். வேறு எதற்காகவும் இல்லை. பால் மிஞ்சியிருந்தது.

ரஜபு பிறை 28, வெள்ளி

சிக்கந்தருக்குச் சுர்மா போட்டேன். கை நடுங்கவில்லை.

ஷஃபான் பிறை 1, ஞாயிறு

அசரத்தைப் பள்ளிவாசலை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஜமாஅத்துக்குச் சர்க்கார் பயம். காலையில் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு, மனைவி, மூன்று பெண்பிள்ளைகளோடு போனார். எந்த ஊருக்கு என்று அவருக்கே தெரியாதாம். அவர் ஓதுவது மூக்கால்தான், ஊருக்கு வேறு நல்ல ஆள் கிடைக்கும். வழிக்கு ஆகும் என்று நெய்ச்சோறு கொடுத்தனுப்பினேன். மூடி திறக்காமல் பானை திரும்பி வந்தது. அந்தச் சால்வையையும் மடித்துப் பானை மேல் வைத்து அனுப்பியிருந்தார்.

மத்தியானம் கனி வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அக்கா, துஆ கேக்கச் சொன்னீங்க. சரி. அந்த ‘அமீர்’ எதுக்கு?”

“மரியாதைக்கு.”

“போறப்ப ஒரு தடவை சொன்னீங்க. வாசல்ல கூப்பிட்டு இன்னொரு தடவை சொன்னீங்க. குத்பாவுலேயே சொல்லச் சொல்லுன்னு தெரு முனை வரைக்கும் வந்து சொன்னீங்க.”

“உனக்கு ஞாபகம் நிக்காதுன்னு சொன்னேன்.”

“துரைகிட்ட நான் சொன்ன பொய்ய அவரு நம்புனாரோ என்னமோ. நான் நம்பலைக்கா.” வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். “அந்த அசரத்து எனக்கு ஓதிக்குடுத்தவரு.”

போய்விட்டான். இனி நான் அவனோடு பேசப்போவதில்லை. யார் முதலில் பேச்சை நிறுத்தியது என்று பின்னால் கேள்வி வந்தால், நான்தான்.

ஷஃபான் பிறை 3, செவ்வாய்

நினைக்காதது நடந்துவிட்டது. சர்க்கார் இவரை இந்த ஊரிலும் வைத்திருக்காதாம். கூட்டம் சேர்கிறதாம், ராஜா என்று சலாம் வைக்கிறார்களாம். ரங்கூனுக்கு அனுப்புகிறார்கள். கடல் தாண்டி. திரும்பி வர உத்தரவு கிடையாது.

சலாம் வைத்தவர்கள் யார்? நேற்றுவரை புகையிலைக் கடன் சொல்லித் திரிந்தவர்கள். அவர்கள் சலாமால் ஒரு ராஜ்யம் ஆடிப்போய்விடுமா? வெள்ளைக்காரனுக்குப் பீரங்கி இருக்கிறது, புத்தி இல்லை.

பெண்டாட்டி பிள்ளை கூடப் போவதும் இங்கேயே இருப்பதும் அவர்கள் இஷ்டம் என்று முன்ஷி படித்தான். அந்த ஒரு வரிக்காக அவனுக்கு இரண்டாம் தடவை தேநீர் அனுப்பினேன். காபூல் என்றால் கிழவி, அரண்மனை, எல்லாம் இருந்தது. ரங்கூனில் என்ன இருக்கிறது? ரஹ்மத் இங்கேதான் இருப்பாள்.

ஷஃபான் பிறை 5, வியாழன்

ரஹ்மத் பெட்டி கட்டுகிறாள்.

“பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கப்பல்லயா?” என்றேன்.

“காபூலுக்கு விட மாட்டேன்னீங்க. கண்ணுக்குப் பயந்தீங்க. ரங்கூன்ல ஊசி இல்லையேம்மா.”

“அப்போ என்ன அவசரம்? கொஞ்ச நாள் கழிச்சுப் போ. பிள்ளை வளரட்டும்.”

“அவங்களுக்கு யாரு இருக்கா? தோஸ்த் பாபா கப்பல்லயே மவுத்தாயிருவாரு போல. அண்ணன் இல்லைன்னாச்சு. அம்மா இல்லைன்னாச்சு.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். தலை நிமிரவில்லை. “நீங்க என்ன செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும்மா” என்றாள்.

“என்ன செஞ்சேன்?”

“பாபா கதை சொன்னப்ப முள்ளங்கி நறுக்கிக்கிட்டு இருந்தீங்க.”

நான் சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. இத்தனை பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

ஷஃபான் பிறை 7, சனி

அரிசி முறுக்கு சுட்டேன். கப்பலில் கெடாது. கனி வாசல் வரை வந்து, குதிரை வண்டி ஏற்பாடு செய்திருப்பதாக ரஹ்மத்திடம் சொல்லிவிட்டுப் போனான். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வலது காலைக் கொஞ்சம் சாய்த்து நடக்கிறான். எண்ணெய் தேய்க்கச் சொல்ல வேண்டும், யாராவது.

ஷஃபான் பிறை 8, ஞாயிறு

ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன். வேண்டாம் என்றார்கள். போனேன்.

மெட்ராஸ் ரயில். முன்னும் பின்னும் போலீஸ்காரர்கள். மருமகன் அவர்களிடம், “நீங்க உக்காருங்க, நிக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சால்வை தோளில் இருந்தது. முன்ஷி ஓரமாக நின்றான், யாரும் அவனைப் பார்க்காத இடமாக.

வண்டி ஏறுமுன் மருமகன் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பதில் தயாராக வைத்திருந்தேன். நல்ல பதில். நேற்றிலிருந்து யோசித்தது. அவர் குனிந்து என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ரஹ்மத் சொன்னாங்க அம்மாஜான். நீங்கதான்னு.”

நான் வாயைத் திறந்தேன்.

“என் பேரை இனிமே யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. எங்க போனாலும். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேன். நீங்க கொடுத்தது.” அழுதார். நன்றி சொல்லி அழுகிறவரிடம் என்ன பேச? தயாராக வைத்திருந்த பதில் தொண்டையிலேயே கிடந்தது. இன்னும் கிடக்கிறது.

சிக்கந்தர் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, “நன்னி, நீங்க பின் வண்டியில வாங்க” என்றான். அப்பன் மாதிரியே.

ரஹ்மத் கடைசியில் வந்தாள். சிவப்புச் சுங்குடி கட்டியிருந்தாள். என் முந்தானையைச் சரிசெய்தாள். அழவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னாள்:

“அம்மா, நான் உங்கள மன்னிச்சிட்டேன். அவங்க அம்மா இனி அவங்களப் பாக்கவே போறதில்ல. அதுக்கும் சேத்து மன்னிச்சிட்டேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க.”

வண்டி போய்விட்டது. கனிதான் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், “படி இருக்கு, பாத்து” என்றான்.

இப்போது பங்களாவில் நானும் ஒரு பூனையும்தான். மாசக் கடைசிக்குள் காலிசெய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒவ்வொருவராய் யோசித்துப் பார்க்கிறேன். முன்ஷி தன் வேலையைச் செய்தான். துரைக்கு எங்கள் தெரு தெரியாது. காபூலில் அந்த அமீருக்குத் தன் நாற்காலியை நினைத்துப் பயம். பயந்தவன் எதையும் செய்வான். அது எனக்கு விளங்குகிறது. இவர்களை எல்லாம் நான் ஒரு நாளைக்கு, பெரிய மனசு பண்ணி, விட்டாலும் விடுவேன்.

அவளை விடமாட்டேன். நான் மன்னிப்புக் கேட்டேனா? நான் என்ன செய்தேன் என்று மன்னிக்கிறாள்? பயணம் போகிறவருக்குத் துஆ கேட்கச் சொன்னேன். கேட்காத மன்னிப்பை ஸ்டேஷனில் நாலு பேர் முன்னால் என் கையில் திணித்துவிட்டு வண்டி ஏறிவிட்டாள். திட்டியிருக்கலாம். என் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று கத்தியிருக்கலாம். நானும் கத்தியிருப்பேன். அந்தச் சண்டை தீராமல் கிடந்து அவள் மனசை அரித்திருக்கும். அதைத் தீர்க்கவாவது ஒரு நாள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த ஊர் ஸ்டேஷனில் வந்து இறங்கியிருப்பாள். இப்போது எல்லாம் தீர்ந்துவிட்டது. அவள் வருவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டாள்.

மவுத்தாகிற வரை நான் மன்னிக்கப்போவதில்லை. பெயரையும் எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லாமல் இருக்க: ரஹ்மத்தும்மாள்.